சுற்றுலாப் பணம் யார் கைக்குப் போகிறது? நீடித்த சுற்றுலாவும் நாடுகளின் கூட்டு முயற்சியும்

மும்பையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மே மாதம் என்றாலே ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திறங்கும் மாதம். மாதுங்கா, செம்பூர், சயான், தாராவி என்று எந்தப் பேட்டையில் கேட்டாலும் சுற்றிக்காட்டும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: கேட்வே ஆஃப் இந்தியா, மரைன் டிரைவ், சித்திவிநாயகர், ஜூஹூ, அப்புறம் படகேறி எலிபென்டா குகைத் தீவு. குகையில் மூன்று முகச் சிவனைப் பார்த்துவிட்டுப் படி இறங்கி வருகிறவர்களில் பலருக்கு அந்தத் தீவில் மக்கள் வாழ்கிறார்கள் என்பதே தெரியாது. தீவின் பெயர் காராபுரி. ராஜ்பந்தர், ஷேத்பந்தர், மோராபந்தர் என்று மூன்று சிற்றூர்கள், ஆயிரத்துச் சொச்சம் பேர். குகைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது 1987இல். அந்த ஊர்களுக்குக் கடலடி கேபிள் வழியாக மின்சாரம் வந்தது 2018 பிப்ரவரியில். நடுவில் முப்பது வருடத்துக்கு மேல். கேட்வேயிலிருந்து தீவு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான், இந்தப் பக்கம் கொலாபா விடிய விடிய மின்னிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும், அதோடு சரி.

உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்துபோகிற ஓர் இடத்தில் இது எப்படி நடந்தது? பயணிகள் வந்தால் ஊர் தானாகச் செழிக்கும் என்று நாம் எல்லோருமே நம்பிக்கொண்டிருக்கிறோம், அரசு விளம்பரங்களும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் கூட்டம் வருவதும், அங்கே வாழ்கிறவர்களின் வாழ்க்கை மேம்படுவதும் தானாக ஒன்றுசேர்ந்து நடப்பதில்லை, யாராவது உட்கார்ந்து அதற்கு வழி செய்ய வேண்டும். அந்த வழியைத்தான் நீடித்த சுற்றுலா என்கிறார்கள். அதை ஏன் ஒரு நாடு தனியாகச் செய்ய முடியாது, பல நாடுகள் சேர்ந்து என்ன செய்திருக்கின்றன, எது பலித்தது, எது காகிதத்தோடு நின்றது என்று முதல்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் விளக்கம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் உலகச் சுற்றுலா அமைப்பும் 2005இல் சேர்ந்து ஒரு வரையறை கொடுத்தன. சுற்றுலாவால் பொருளாதாரத்துக்கும் சமூகத்துக்கும் இயற்கைக்கும் இன்று என்ன ஆகிறது, நாளை என்ன ஆகும் என்பதை முழுதாகக் கணக்கில் எடுத்து, வருகிற பயணி, தொழில் செய்கிறவர், சுற்றுச்சூழல், விருந்தோம்பும் ஊர் மக்கள் எல்லோருடைய தேவையையும் கவனிக்கிற சுற்றுலா என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் பலர் இதை பிளாஸ்டிக் பாட்டிலை ஒழிப்பது, துண்டை தினமும் துவைக்கப் போடாமல் இருப்பது என்ற அளவில் சுருக்கிவிட்டார்கள். அவையும் வேண்டும்தான். ஆனால் ஊர் மக்களின் பங்கு என்ற பகுதி எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது, என் அக்கறை முழுவதும் அதில்தான்.

பணத்தைப் பின்தொடர்ந்தால் காரணம் புரியும். ஐரோப்பாவிலிருந்து ஒருவர் இந்தியாவுக்கு வரத் திட்டமிடுகிறார் என்று வையுங்கள். பேக்கேஜை விற்பது அவர் நாட்டு நிறுவனம், பணம் அங்கேயே கட்டப்படுகிறது. விமானம் இன்னொரு நாட்டுடையது. ஹோட்டல் ஒரு பன்னாட்டுச் சங்கிலியின் பெயரில் நடக்கிறது, அந்தப் பெயருக்கும் நிர்வாகத்துக்கும் கட்டணம் வெளியே போகிறது. ஆப் மூலம் அறை பிடித்தால் அதற்கு ஒரு கமிஷன். காலை உணவில் இருக்கும் சீஸும் ஒயினும் இறக்குமதி. இதெல்லாம் கழிந்து கடைசியாக ஊருக்குள் இறங்குவது டாக்சிக்காரர் வாங்கும் வாடகை, ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவரின் சம்பளம், வாசலில் விற்கும் சாமான்கள், இப்படிக் கொஞ்சம். பொருளாதாரத்தில் இதற்குக் கசிவு என்று பெயர். சொகுசுக் கப்பல்களில் இது இன்னும் அதிகம், சாப்பாடு, தூக்கம், பொழுதுபோக்கு எல்லாமே கப்பலுக்குள் முடிந்துவிடும், கரையில் இறங்கும் சில மணி நேரத்தில் ஒரு தேநீரும் ஒரு பையும் வாங்குவதோடு சரி.

எலிபென்டாவிலும் கணக்கு போட்டுப் பாருங்கள். குகை நுழைவுச் சீட்டு இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். அது தொல்லியல் துறைக்கு. படகுக் கட்டணம் படகுக்காரர்களுக்கு. ஊராட்சி தனியாக ஒரு சின்ன வரி வாங்குகிறது. ராத்திரி பயணிகள் தீவில் தங்க அனுமதி இல்லை, ஆகவே வீட்டில் அறை கொடுத்துச் சம்பாதிக்கவும் வழியில்லை. மீதி இருப்பது படிக்கட்டு ஓரக் கடைகள், வேகவைத்த சோளமும் வெள்ளரிக்காயும் மாங்காயும் விற்கும் பெண்கள், வயதானவர்களை நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து படியேற்றும் ஆட்கள். திங்கட்கிழமை குகை மூடல், மழைக்காலத்தில் படகு நின்றால் வியாபாரமும் நிற்கும். யாரும் திட்டமிட்டு அவர்களை ஏமாற்றவில்லை. யாரும் அவர்களை நினைத்துத் திட்டமிடவும் இல்லை.

சரி, இதை உள்ளூர் அரசே பார்த்துக்கொள்ளக் கூடாதா, எதற்குப் பல நாடுகள் என்று கேட்கலாம். பயணி ஒரு நாட்டவர், அவருக்கு விற்கிற நிறுவனம் இன்னொரு நாட்டில் பதிவானது, பார்க்கிற இடம் மூன்றாவது நாட்டில். அந்த மூன்றாவது நாட்டின் சட்டம் முதல் இரண்டையும் தொட முடியாது. தனியாக ஒரு நாடு கறாராக விதி போட்டால் நிறுவனங்கள் கூட்டத்தைப் பக்கத்து நாட்டுக்குத் திருப்பிவிடும் என்ற பயம் வேறு. தாய்லாந்து கெடுபிடி செய்தால் பிலிப்பைன்ஸ், பிலிப்பைன்ஸ் கெடுபிடி செய்தால் இந்தோனேசியா, கடற்கரைக்கா பஞ்சம். அதனால் எல்லோரும் சேர்ந்து ஒரே அளவுகோலுக்கு வந்தால்தான் யாராவது ஒருவராவது துணிவார்கள். 2024இல் மட்டும் உலகில் எல்லை தாண்டிப் பயணம் செய்தவர்களின் வருகை சுமார் 140 கோடி. இவ்வளவு பெரிய நடமாட்டத்தை ஊராட்சித் தலைவர் ஒருவர் சமாளிக்க முடியாது. ஏழை நாடுகளின் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம்: 2024 ஜூலையில் பார்சிலோனாவில் ஊர் மக்கள் வீதியில் இறங்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள், வீட்டு வாடகை கையை மீறிப் போனது அவர்களுடைய முக்கியக் கோபங்களில் ஒன்று.

கூட்டு முயற்சிகளில் சிலவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். மாட்ரிட்டைத் தலைமையிடமாகக் கொண்ட உலகச் சுற்றுலா அமைப்பு 2003இல் ஐ.நா.வின் சிறப்பு முகமை ஆனது, இப்போது அதன் பெயர் யுஎன் டூரிசம். அது 1999இல் ஒரு நெறிமுறைத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. விருந்தோம்பும் நாடுகளுக்கும் சமூகங்களுக்கும் சுற்றுலா பலன் தர வேண்டும் என்று அதில் தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. ஆனால் அது விரும்பி ஏற்கும் நெறி, மீறினால் யாரும் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. 2015இல் வந்த ஐ.நா. நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 8.9 என்று ஓர் இலக்கு உண்டு: வேலை கொடுக்கிற, உள்ளூர்ப் பண்பாட்டையும் பொருட்களையும் வளர்க்கிற சுற்றுலாவுக்கான கொள்கைகளை 2030க்குள் வகுத்து நடைமுறைப்படுத்துவது. இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக நீடித்த சுற்றுலா மன்றம் என்ற இன்னோர் அமைப்பு, ஹோட்டல், டூர் நிறுவனம், சுற்றுலாத் தலம் ஆகியவற்றுக்கு அளவுகோல்கள் எழுதி வைத்திருக்கிறது. உள்ளூர் ஆட்களை வேலைக்கு எடுக்கிறாயா, உள்ளூர்ச் சந்தையில் வாங்குகிறாயா, ஊர் மக்கள் தண்ணீரை நீ இழுக்கிறாயா என்பதெல்லாம் அதில் வரும். பச்சை இலைப் படம் போட்டு நாங்களும் இயற்கைக்கு நண்பர்கள் என்று தாங்களே சொல்லிக்கொள்ளும் ஹோட்டல்களுக்கும், வெளியாள் வந்து சோதித்துச் சான்று கொடுத்த ஹோட்டல்களுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஆதாரமில்லாத பசுமை விளம்பரங்களைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டம் 2026 செப்டம்பரிலிருந்து அமலுக்கு வரும்படி வகுக்கப்பட்டது.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, செய்தித்தாள்களில் வராத ஒரு சமாச்சாரம். சுற்றுலாவின் நீடித்த தன்மையை எப்படி அளப்பது என்று ஒரு புள்ளியியல் சட்டகத்தை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2024இல் ஏற்றுக்கொண்டது. இதுவரை எந்த நாட்டு அமைச்சரும் வெற்றி என்று காட்டுவது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கோடி அந்நியச் செலாவணி வந்தது என்ற இரண்டு எண்களைத்தான். எவ்வளவு தண்ணீர் போனது, எப்படிப்பட்ட வேலை கிடைத்தது, ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதையும் எல்லா நாடுகளும் ஒரே முறையில் எண்ணத் தொடங்கினால் பேச்சே மாறும். எண்ணாத ஒன்றுக்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்க மாட்டார்கள், நம் அரசு அலுவலகங்களில் ஒருமுறை நின்றவர்களுக்குக் கூட இது தெரியும்.

இனி, நிஜமாகவே பலித்த ஓர் இடத்துக்குப் போவோம். ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் நமீபியா 1990இல்தான் தென்னாப்பிரிக்க ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. அந்த ஆட்சிக் காலத்தில் சொந்தப் பட்டா நிலம் வைத்திருந்த வெள்ளைக்காரப் பண்ணையாளர்களுக்குத் தங்கள் நிலத்து வனவிலங்குகள் மேல் உரிமை இருந்தது, அதை வைத்து அவர்கள் சம்பாதித்தார்கள். பொது நிலத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு அந்த உரிமை கிடையாது. யானை வந்து தண்ணீர்த் தொட்டியை உடைக்கும், சிங்கம் மாட்டை அடிக்கும், நஷ்டம் அவர்களுடையது, அந்த யானையைப் பார்க்க வரும் பயணியின் பணம் வேறு யாருக்கோ. 1996இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு பகுதி மக்கள் எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியல் போட்டு, குழு தேர்ந்தெடுத்து, வரும் வருமானத்தை எப்படிப் பங்கிடுவோம் என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பகுதி வனவிலங்குச் சுற்றுலாவின் உரிமை அவர்களுக்கு. அமெரிக்க உதவி நிதியும் உலக இயற்கை நிதியமும் 1993 முதலே இதற்குத் தோள் கொடுத்தன: கணக்கு எழுத, விலங்குகளை எண்ண, லாட்ஜ் நடத்தும் தனியார் நிறுவனத்தோடு உட்கார்ந்து பேரம் பேச ஊர் மக்களுக்குப் பயிற்சி. இப்படி ஊர் மக்கள் நடத்தும் பகுதிகளுக்குச் சமூகக் காப்பகங்கள் என்று பெயர், இன்று 86 இருக்கின்றன, நாட்டின் நிலப்பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

வெளிநாட்டு உதவி இங்கே எந்த இடத்தில் போய் உட்கார்ந்தது என்பதைக் கவனியுங்கள். ரிசார்ட் கட்டிக் கொடுப்பதில் அது முடிந்துபோகவில்லை, பேரம் பேசும் பலத்தை ஊருக்குக் கொடுத்தது. உரிமைப் பத்திரம் ஊர் கையில் இருந்ததால்தான் லாட்ஜ் நிறுவனம் வந்து பேசியே ஆக வேண்டியிருந்தது. குறை இல்லாமல் இல்லை. 2020இல் கொரோனாவால் பயணிகள் நின்றபோது வனவிலங்குக் காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே சிரமமாகி, அரசும் வெளிநாட்டு உதவியாளர்களும் சேர்ந்து நிவாரண நிதி திரட்ட வேண்டி வந்தது. சுற்றுலாவை மட்டும் நம்பியிருக்கும் எந்த ஊருக்கும் இந்த ஆபத்து உண்டு.

நமீபியா தூரம் என்றால் நமக்குப் பழக்கமான ஒரு யாத்திரையைச் சொல்கிறேன். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம், அதாவது முக்திநாத், நேபாளத்தில் இருக்கிறது. அங்கே போய் வந்தவர்கள் மாதுங்கா, செம்பூர் பக்கம் பலர் இருக்கிறார்கள். பொக்காராவிலிருந்து ஜோம்சோம் போகும் வழியில் ஓர் அனுமதிச் சீட்டு வாங்கியிருப்பீர்கள், இந்தியா உள்ளிட்ட தெற்காசிய (சார்க்) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. பலர் அதை ஏதோ ஒரு டோல் என்று நினைத்துக் கசக்கிப் போட்டிருப்பார்கள். அது அன்னபூர்ணா காப்புப் பகுதிக்கான நுழைவுக் கட்டணம். 1986இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை நடத்துவது அரசுத் துறை அல்ல, ஓர் அறக்கட்டளை. கட்டணம் நாட்டின் பொதுக் கஜானாவில் கரைந்துவிடாமல் அந்தப் பகுதியின் பாதைகள், காடு, குடிநீர், ஊர்க் குழுக்களின் வேலைகள் என்று அங்கேயே செலவாகும்படி ஏற்பாடு. தேசியப் பூங்கா என்று அறிவித்து மக்களை வெளியேற்றாமல், அவர்கள் அங்கேயே விவசாயம் செய்து, லாட்ஜ் நடத்தி வாழ விட்டதுதான் அந்தக் காலத்தில் புதுமை. பிறகு ஜீப் ஓடும் சாலை வந்தது. முழங்கால் வலியோடு முக்திநாதரைப் பார்க்கத் தவிக்கும் நம் பெரியவர்களுக்கு அது பெரிய வரம், நடைபாதையில் தேநீர்க் கடையும் தங்கும் விடுதியும் வைத்திருந்த சில ஊர்களுக்கு அதுவே அடி, ஏனென்றால் ஜீப் அங்கே நிற்காது.

இந்தியாவிலும் முயன்றிருக்கிறார்கள். சுற்றுலா அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 2000களில் சேர்ந்து பல கிராமங்களில் உள்ளூர் மக்களே நடத்தும் சுற்றுலாவைத் தொடங்கின. நம் காரைக்குடியும் கழுகுமலையும் அந்தப் பட்டியலில் இருந்தன. நன்றாக நிலைத்தது குஜராத்தின் கட்ச் பகுதியில் இருக்கும் ஹோட்கா. வட்டமான மண் வீடுகளில் தங்கலாம், நிர்வாகம் கிராமக் குழுவிடம். கேரளத்தின் குமரகத்தில் வேறு வழி: 2002இல் கேப்டவுனில் பல நாட்டவர் கூடி உருவாக்கிய பொறுப்புச் சுற்றுலாக் கருத்தைக் கேரளம் எடுத்துக்கொண்டு, குடும்பஶ்ரீ பெண்கள் குழுக்கள் விளைவிக்கும் காய்கறியை ரிசார்ட்டுகள் வாங்கும்படி செய்தது. பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது, ரிசார்ட் சமையலறையின் தினசரி காய்கறிச் சீட்டை ஊர்ப் பெண்களிடம் கொடுத்தார்கள். விலை, தரம், நேரத்துக்கு வந்து சேர்வது என்று பேசித் தீர்க்க வேண்டியவை நிறைய, அங்கேதான் ஊராட்சியும் அரசும் நடுவில் நின்றன.

எலிபென்டாவைப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோ அங்கே வாழும் மக்களை ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்விக்கும் ஒரு பதில் சொல்லிவிட வேண்டும். உலகப் பாரம்பரியக் குழு தன் முக்கிய நோக்கங்களில் உள்ளூர்ச் சமூகங்களின் பங்கைச் சேர்த்தது 2007இல், நியூசிலாந்தில் நடந்த கூட்டத்தில். அதுவரை கல்லையும் கட்டடத்தையும் காப்பாற்றுவதுதான் மையம். எலிபென்டா பட்டியலில் ஏறி அப்போது 20 வருடம் ஆகியிருந்தது. சேர்த்தது நல்லதுதான், ஆனாலும் மின்கம்பி போடுவது யுனெஸ்கோவின் வேலை அல்ல, மாநில அரசின் வேலை. பன்னாட்டு ஒப்பந்தங்கள் ஒரு கேள்வியை மேசைமேல் வைக்கும், பதில் சொல்ல வைப்பது ஊர் மக்களும் அவர்களுக்காகப் பேசுகிறவர்களும்தான். இந்த வேலைப் பிரிவினை புரியாமல் ஐ.நா.வை மட்டும் திட்டுவதோ, ஐ.நா. விருது கிடைத்தவுடன் வேலை முடிந்தது என்று கொண்டாடுவதோ பிரயோஜனமில்லை.

தாராவியைப் பற்றிச் சொல்லாமல் மும்பைத் தமிழர் ஒருவர் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடம், விடியற்காலையில் இட்லி அவித்துத் தூக்குக் கூடையில் நகரம் முழுக்க எடுத்துப்போகிறவர்களின் இடம். அங்கே வெளிநாட்டவர்களை அழைத்து வரும் நடைச் சுற்றுலா ஏறக்குறைய இருபது வருடமாக நடக்கிறது. ஓர் இந்தியரும் ஒரு பிரிட்டிஷ்காரரும் 2005இல் தொடங்கிய ரியாலிட்டி டூர்ஸ் இதில் முன்னோடி. பிரேசிலின் ரியோ நகரக் குடிசைப் பகுதிகளில் நடந்த சுற்றுலாவைப் பார்த்து வந்த யோசனை. படம் எடுக்கக் கூடாது என்று விதி வைத்தார்கள், லாபத்தில் 80 சதவீதம் தங்கள் தொண்டு அமைப்பு வழியாகக் கல்வி வேலைகளுக்குப் போகிறது என்கிறார்கள். தாராவித் தமிழர்களிடையே இதைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு. எங்கள் தொழிலையும் உழைப்பையும் உலகம் பார்க்கட்டும் என்பவர்கள் உண்டு, எங்கள் சந்து என்ன கண்காட்சியா என்று கொதிப்பவர்களும் உண்டு.

இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சந்தில் கவிழ்த்துப் போட்ட மூங்கில் கூடைமேல் அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருக்கும் அக்காவிடம் யாராவது முதலில் கேட்டார்களா என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். கூட்டம் எந்தச் சந்து வழியாக வரலாம், எத்தனை மணிக்கு வரலாம், எத்தனை பேர் வரலாம், வந்தால் அவர் அப்பளத்தை நேரே விலை சொல்லி விற்க முடியுமா? அவருக்கு இன்று கிடைப்பது கிலோ கணக்கில் கூலி. பார்க்க வந்தவர்கள் நூறு பேர் ஆனாலும் ஆயிரம் பேர் ஆனாலும் அந்தக் கூலி மாறாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், விலை சொல்லும் உரிமையும் அவரிடம் வந்தால் தாராவிச் சுற்றுலாவைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

நம் பங்குக்கு என்ன செய்யலாம்? அறை பிடிக்கும் முன் போனைப் போட்டு இந்த இடம் யாருடையது, வேலை செய்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்பது ஒன்றும் கஷ்டமில்லை. வழிகாட்டியை ஹோட்டல் மூலம் பிடிக்காமல் அந்த ஊர் ஆளாகப் பிடிக்கலாம், கொடுக்கும் பணம் முழுதாக அவரிடம் போகும். இதைவிடப் பெரிய பலம் நம்மிடம் ஒன்று இருக்கிறது, குழு யாத்திரை. தமிழ்ச் சங்கங்களும் பஜனை மண்டலிகளும் நாற்பது ஐம்பது பேரைத் திரட்டி காசி, சார்தாம், முக்திநாத் என்று கிளம்புகின்றன. பல குழுக்கள் சமையல்காரரையும், அரிசி பருப்பு மூட்டையையும், ஊறுகாய் முதற்கொண்டு கூடவே கொண்டுபோகின்றன. பெரியவர்களுக்கு வயிறு ஒத்துக்கொள்ள வேண்டும், வெங்காயம் பூண்டு சேராதவர்கள் இருப்பார்கள், அந்தச் சிரமம் நியாயமானது. சமையல்காரர் வரட்டும். காய்கறி, பால், தயிர், விறகு எல்லாவற்றையும் போகிற ஊரில் வாங்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். நாற்பது பேருக்கு மூன்று வேளை என்றால் ஒரு மலையூருக்கு அது நல்ல வியாபாரம். டூர் ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கொடுக்கும் அன்றே, ராத்திரி தங்குவது ஊர்க்காரர் நடத்தும் விடுதியில்தான், வழியில் இரண்டு இடத்தில் ஜீப்பை நிறுத்தித் தேநீர் குடிப்போம், அனுமதிச் சீட்டுகளின் ரசீதைத் தனியாகக் காட்டுங்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் சிரித்து மழுப்புவார். நாற்பது டிக்கெட்டைக் கையில் வைத்திருக்கும் சங்கச் செயலாளர் கேட்டால் செய்து கொடுப்பார்.